வதிவிடச் சோதனை யாரைத் தடுக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாசகர் பக்கத்தில், வேலையில்லாதோருக்கான உதவிப்பணம் கோருபவர்களிடம் பிரித்தானிய அரசு நடத்தும் வதிவிடச் சோதனையை, அதாவது அவர்கள் உண்மையில் இந்த நாட்டில் வழமையாக வாழ்கிறார்களா என்று பார்க்கும் சோதனையை, இன்னும் கடுமையாக்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் இந்த நாட்டில் உழைத்து வரி கட்டியவர் என்ற முறையில், நேற்று வந்து இறங்கியவர் இன்று உதவிப்பணம் எடுப்பதைத் தம்மால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்பது அவருடைய கருத்து. அந்த மனத்தாங்கலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தச் சோதனையில் மறுக்கப்பட்டவர்களை எங்கள் சமூக நிலையத்தில் தொடர்ந்து சந்தித்து, அவர்களுடைய கடிதங்களை வாசித்துச் சொல்லி, மறுபரிசீலனைக்கு எழுதிக் கொடுத்துவரும் தொண்டர்களில் ஒருவர் என்ற வகையில், அவர் நினைக்கும் ஆட்கள் அந்தச் சோதனை வரை வருவதே இல்லை என்பதையும், அதில் மாட்டிக்கொள்பவர்கள் வேறு ஆட்கள் என்பதையும், அவர்களில் நம்மவர்கள் பலர் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் மனத்தில் இருப்பது, விமானத்தை விட்டு இறங்கி நேரே உதவிப்பணத்துக்கு விண்ணப்பிக்கப் போகும் ஒரு புதியவரின் உருவம். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ வாழ்க்கைத்துணை விசாவிலோ வருபவர்களின் அனுமதியிலேயே, பொது நிதியிலிருந்து எதையும் பெறக்கூடாது என்ற நிபந்தனை பொதுவாகச் சேர்க்கப்பட்டிருக்கும். 1999 ஆம் ஆண்டின் குடிவரவு மற்றும் புகலிடச் சட்டத்தின் 115 ஆவது பிரிவு அவர்களை, யூனிவர்சல் கிரெடிட் எனப்படும் இந்த உதவிப்பணத்திலிருந்து வாசலிலேயே விலக்கிவிடுகிறது. புகலிடம் கோரிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கும் அது கிடையாது. அகதியாக ஏற்கப்பட்டவர்களோ இந்தச் சோதனையிலிருந்து சட்டப்படியே விதிவிலக்குப் பெற்றவர்கள். ஆகவே சோதனையின் முன்னால் மிஞ்சி நிற்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர்: வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிய பிரித்தானியக் குடிமக்கள், நிரந்தர வதிவிட அனுமதி வைத்திருந்தும் இடையில் ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கியவர்கள், மற்றும் ஐரோப்பிய நாடுகளின் குடியுரிமையோடு இங்கு வந்து குடியேறியவர்கள். இந்த மூன்று வகையிலும் தமிழர் இருக்கிறார்கள் என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சோதனை எப்படிப் பிறந்தது என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். 1993 ஒக்டோபரில் நடந்த கன்சர்வேற்றிவ் கட்சி மாநாட்டில், அப்போதைய சமூகப் பாதுகாப்பு அமைச்சர் பீற்றர் லில்லி, உதவிப்பணம் எடுப்பதற்காகவே பிரித்தானியாவுக்குச் சுற்றுலா வருகிறார்கள் என்று ஐரோப்பியர்களைச் சாடிப் பேசினார். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் 1 ஆம் திகதி, வழமையான வதிவிடச் சோதனை நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பியச் சட்டத்தின்படி சொந்த நாட்டவருக்கு ஒரு விதியும் மற்ற ஐரோப்பியருக்கு வேறொரு விதியும் வைக்க முடியாது என்பதால், அது எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டது. பாகிஸ்தானிலும் பங்களாதேஷிலும் இலங்கையிலும் இருந்த தாய் தகப்பனைப் பார்க்கப் போய், சில காலம் கழித்துத் திரும்பிய பிரித்தானியக் குடிமக்களும் அன்றிலிருந்து அந்த விதிக்குள் அகப்பட்டார்கள். யாரைக் குறிவைத்துப் பேசப்பட்டதோ அவர்களோடு சேர்த்து, அந்தப் பேச்சில் இடமே பெறாதவர்களும் இன்றுவரை அதன் விலையைக் கொடுத்து வருகிறார்கள்.

அந்த விதியின் பெரிய குறை, வழமையான வதிவிடம் என்றால் என்ன என்று சட்டத்தில் எங்கும் சொல்லப்படாதிருப்பதுதான். இத்தனை நாள், இத்தனை வாரம் என்ற கணக்கு யூனிவர்சல் கிரெடிட் விதிகளில் கிடையாது. அதனால் அதன் பொருளை நீதிமன்றங்கள்தான் வழக்குக்கு வழக்கு சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. 1994 ஓகஸ்டில் பங்களாதேஷிலிருந்து வந்த நெஸ்ஸா என்ற 55 வயதுப் பெண்மணிக்கு, இங்கு வந்து வாழும் உரிமை முன்பே இருந்தது. அவருடைய காலஞ்சென்ற கணவர் இங்கு வாழ்ந்தவர். நிரந்தரமாகத் தங்கும் நோக்கத்தோடுதான் அவரும் வந்தார். ஆனால் நோக்கம் மட்டும் போதாது, ஓரளவு குறிப்பிடத்தக்க காலம் உண்மையாகவே வாழ்ந்தும் இருக்க வேண்டும் என்று அன்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1999 ஒக்டோபரில் தீர்ப்பளித்தது. அந்தக் காலம் எவ்வளவு என்று சபை அறுதியிடவில்லை. அது குறுகியதாகவும் இருக்கலாம் என்றது. பிறகு வந்த தீர்ப்பு ஒன்று, சாதாரணமாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை எனக் கொள்ளலாம் என்று கூறியது. ஒரு மாதத்துக்கும் மூன்று மாதத்துக்கும் இடையில், கையில் வருமானம் இல்லாத ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தூரம் என்பதை, வாடகை கட்டி வாழும் எவரும் அறிவர்.

அதே நெஸ்ஸா தீர்ப்பில் இன்னொரு பகுதியும் உண்டு. அதைத்தான் நான் இந்தக் கடிதத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முன்பு இங்கு வழமையாக வாழ்ந்த ஒருவர், இடையில் போய்விட்டுப் பழைய வாழ்வைத் தொடர்வதற்காகத் திரும்புவாரானால், அவர் வந்திறங்கிய நாளிலிருந்தே வழமையாக வதிபவராகக் கருதப்பட இடமுண்டு என்று நீதிபதி பிரபு ஸ்லின் அதில் குறிப்பிட்டிருக்கிறார். அதே ஆண்டு பெப்ரவரியில் ஐரோப்பிய நீதிமன்றமும் இதையொத்த ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பல ஆண்டுகள் பிரான்சில் வேலை செய்து, வேலை போன பின் 1995 ஜனவரியில் இங்கிலாந்துக்குத் திரும்பிய ஸ்வாட்லிங் என்ற பிரித்தானியரை, எட்டு வாரம் வாழ்ந்து காட்டினால்தான் உதவித்தொகை என்று காக்க வைத்தது தவறு என்றும், வதிவிடத்தைத் தீர்மானிப்பதற்குத் தங்கிய காலத்தின் நீளம் இன்றியமையாத நிபந்தனை அல்ல என்றும் அந்த நீதிமன்றம் கூறியது. குடும்பம் எங்கே இருக்கிறது, ஏன் இடம் மாறினார், எவ்வளவு காலம் தொடர்ச்சியாக வாழ்ந்தார், நிலையான வேலை உண்டா, இனி எங்கே வாழ எண்ணுகிறார் என்பவற்றை எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

ஆக, திரும்பி வருபவருக்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. கதவை மூடுவது, உதவிப்பண விண்ணப்பங்களைக் கவனிக்கும் அரச அலுவலகமான ஜொப் சென்டரின் மேசையில் நடக்கிறது.

சென்ற ஆண்டு எங்களிடம் வந்த ஒரு சகோதரியின் விடயத்தைச் சொல்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் லண்டனில் வாழ்ந்தவர், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவர், பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். பருத்தித்துறையில் தாயார் பாரிசவாதத்தில் விழுந்து படுக்கையானபோது, பார்க்க வேறு ஆள் இல்லாததால் வேலையை விட்டு, வாடகை வீட்டையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். தாயார் இறந்து, அந்தியேட்டி முடித்து, ஆட்டத்திவசமும் செய்துவிட்டுத்தான் திரும்பினார். தங்கை வீட்டின் முன்னறையில் சோபாவில் படுத்துக்கொண்டு, அன்றாடம் வேலைக்கு விண்ணப்பித்தபடி, யூனிவர்சல் கிரெடிட்டுக்கும் விண்ணப்பித்தார். நேர்முகத்தில் அவரிடம் கேட்கப்பட்டவை: ஏன் நாட்டை விட்டுப் போனீர்கள், உங்கள் தட்டுமுட்டுச் சாமான்கள் எங்கே இருக்கின்றன, இங்கே உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் உண்டா, மின்சாரக் கட்டணச் சிட்டை உண்டா, திரும்பிப் போக விமானச் சீட்டு எடுத்திருக்கிறீர்களா. சாமான்களைப் போகும்போதே கொடுத்துத் தீர்த்துவிட்டேன் என்றார். ஒப்பந்தமும் சிட்டையும் இல்லை, தங்கை வீட்டில் நிற்கிறேன் என்றார். பல வாரங்கள் கழித்து, நீங்கள் வழமையாக வதிபவர் அல்ல என்று இணையக் கணக்கில் பதில் வந்தது. எந்த உண்மையை எப்படி எடைபோட்டார்கள் என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, பணமுள்ளவர் மட்டும் தேறக்கூடிய சோதனை ஒன்று அங்கே நடப்பது தெரியும். வாடகைக்கு வீடு எடுக்க முற்பணம் வேண்டும். அந்த முற்பணத்துக்கு வருமானம் வேண்டும். வருமானத்துக்கு யூனிவர்சல் கிரெடிட் வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டுக்கோ வாடகை ஒப்பந்தம் கேட்கிறார்கள். கையில் சேமிப்போடு வந்து வீட்டை எடுத்துவிட்டவருக்கு அந்தத் தாள்கள் எல்லாம் இருக்கும், ஆனால் உதவிப்பணம் அவசரமாகத் தேவைப்படாது. தேவைப்படுபவரிடம் தாள் இருக்காது.

மறுக்கப்பட்டால் இழப்பது எவ்வளவு என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். 2025-26 நிதியாண்டில் 25 வயதும் அதற்கு மேலும் உள்ள தனி ஒருவருக்கான அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண். அதோடு வாடகைக்கான பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. விண்ணப்பம் ஏற்கப்பட்டவருக்குக்கூட முதல் கொடுப்பனவு வர ஐந்து வாரம் ஆகும். அவர்களுக்கு அந்த இடைக்காலத்தில் முற்பணம் கேட்க வழியுண்டு. சோதனையில் நிற்பவருக்கு அந்த முற்பணமும் கிடையாது. வீடில்லாதவர் என்று உள்ளூராட்சி மன்றத்திடம் போனால், அங்கும் இதே வழமையான வதிவிடக் கேள்வி காத்திருக்கும். பிள்ளைகள் இருந்தால் மட்டும், 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 17 ஆவது பிரிவின்படி மன்றத்தின் சமூக சேவைப் பகுதியிடம் உதவி கேட்கலாம். அந்தச் சகோதரி தங்கையின் கணவரிடம் கைமாற்று வாங்கித்தான் வேலை நேர்முகங்களுக்குப் பேருந்துக் காசு கொடுத்தார். நாங்கள் நெஸ்ஸா தீர்ப்பின் அந்தப் பகுதியை எடுத்துக்காட்டி, அவருடைய பழைய வேலைப் பதிவுகளையும் பருத்தித்துறை வைத்தியசாலைச் சீட்டுகளையும் இணைத்து மறுபரிசீலனை கேட்டோம். முடிவு மாற்றப்பட்டு, விண்ணப்பித்த நாளிலிருந்து கணக்கிட்டுப் பணம் கொடுக்கப்பட்டது. முதலிலேயே கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. மறுப்புக் கடிதத்தோடு பேசாமல் வீட்டுக்குப் போய்விடுபவர்களுக்கு அது ஒருநாளும் வந்து சேர்வதில்லை.

அடுத்தது, ஐரோப்பாவிலிருந்து வந்த நம்மவர்களின் நிலை. ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க், நோர்வே ஆகிய நாடுகளில் அகதிகளாக ஏற்கப்பட்டுக் குடியுரிமையும் பெற்ற ஈழத்தமிழர் குடும்பங்கள், பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும், உறவினர் இங்கே கூடுதலாக இருப்பதாலும், கோயிலும் தமிழ்ப் பள்ளியும் கடை கண்ணியும் அருகில் இருப்பதாலும் ஹரோ, வெம்பிளி, ஈஸ்ற் ஹாம், மிச்சம், குரோய்டன் என்று வந்து குடியேறினார்கள். அவர்கள் உதவிப்பணத்தைத் தேடி வந்தவர்கள் அல்லர். இங்குள்ளதைவிடத் தாராளமான சமூகநல ஏற்பாடுகளைக் கொண்ட நாடுகளை விட்டு வந்தவர்கள் அவர்களில் பலர்.

இவர்களுக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன. வழமையான வதிவிடம் இரண்டாவதுதான். அதற்கு முன்னால், வதிவதற்கான உரிமை இருக்கிறதா என்ற தடை 2004 மே 1 ஆம் திகதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து நாடுகள் புதிதாகச் சேர்ந்த அதே நாளில் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து, நாட்டில் இருப்பது சட்டப்படி சரியாக இருந்தாலும் போதாது, உழைப்பாளி, சுயதொழில் செய்பவர், அவர்களுடைய குடும்பத்தவர் என்பது போன்ற, சட்டம் ஏற்கும் ஒரு தகுதி இருக்க வேண்டும் என்றாயிற்று. 2014 ஜனவரி முதல், வருமான அடிப்படையிலான வேலை தேடுவோர் உதவித்தொகைக்கு மூன்று மாத வதிவிடம் கட்டாயம் என்று டேவிட் கமரூன் அரசு கொண்டுவந்த விதி இன்னும் பலருடைய நினைவில் இருக்கிறது. அந்த உதவித்தொகையின் இடத்தை யூனிவர்சல் கிரெடிட் எடுத்துக்கொண்டுவிட்டது, அதன் விதிகளில் மூன்று மாதம் என்ற எண் இல்லை. இருந்தும், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது நின்றபாடில்லை. அப்படி வாய்மொழியாக அனுப்பப்பட்டவருக்கு மேன்முறையீடு செய்வதற்கு ஒரு தாள்கூடக் கையில் இருப்பதில்லை.

இந்த இடத்தில் நம் சமூகத்தை நோக்கியே ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பியக் குடியுரிமையுள்ள ஒருவர் வேலை இழந்தால், அவர் முன்பு உண்மையாகவே உழைப்பாளியாக இருந்தார் என்பதைக் காட்ட வேண்டும். காட்டினால் அந்தத் தகுதி தொடரும். ஓர் ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும், வேலை தேடுபவராகப் பதிந்துகொண்டால், ஆறு மாதம் தொடரும். 2014 மார்ச் முதல், சம்பளத்திலிருந்து தேசியக் காப்புறுதிப் பங்களிப்பு கட்டத் தொடங்கும் அளவுக்குத் தொடர்ந்து மூன்று மாதம் உழைத்தவரை மேலும் கேள்வி இல்லாமல் உழைப்பாளி என்று ஏற்கிறார்கள். அதற்குக் குறைந்த ஊதியம் பெற்றவருடைய வேலையை, அது மெய்யானதும் பயனுள்ளதுமா என்று தனியாக ஆராய்கிறார்கள். இத்தனைக்கும் ஆதாரம் சம்பளச் சிட்டைதான். நம்மவர் நடத்தும் சில கடைகளிலும் உணவகங்களிலும் பெற்றோல் நிலையங்களிலும் என்ன நடக்கிறது? வாரத்தில் ஆறு நாள் வேலை, வெள்ளிக்கிழமை இரவு கையில் காசு, பதிவு எதுவும் இல்லை. அல்லது ஆறு நாள் வேலையில் இரண்டு நாளைக்கு மட்டும் சிட்டை. பாரிசிலிருந்து மனைவி பிள்ளைகளோடு வந்த ஒருவர், ஒரே கடையில் இரண்டு ஆண்டு பெட்டி இறக்கி அடுக்கிவிட்டு, கடை கைமாறியபோது வேலையை இழந்தார். இந்த நாட்டில் அவர் ஒரு நாள்கூட வேலை செய்ததற்கு அத்தாட்சி இல்லை. முதலாளி அவருடைய தூரத்து உறவினர். கடிதம் ஒன்று தரும்படி கேட்டபோது, வருமான வரிக்காரர் வந்து பிடிப்பார்கள் என்று மறுத்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்கு உதவிப்பணம் மறுக்கப்பட்டதற்கு அரசின் விதி பாதிக் காரணம் என்றால், மற்றப் பாதிக்குக் காரணம் நம் ஆள்தான். வெளியிலிருந்து வருபவர் சும்மா இருந்து தின்கிறார்கள் என்று பேசும் வர்த்தகர்கள், தங்களிடம் வேலை செய்பவருக்கு முறையான சிட்டை கொடுக்கிறார்களா என்பதை முதலில் பார்க்கட்டும்.

பிரெக்சிற்றுக்குப் பிறகு நிலைமை இன்னும் சிக்கலாகிவிட்டது. இங்கிருந்த ஐரோப்பியரில் ஐந்தாண்டு வாழ்ந்ததைக் காட்டியவர்களுக்கு, செட்டில்ட் ஸ்டேட்டஸ் என்ற நிரந்தர வதிவிடத் தகுதி கிடைத்தது. அவர்களுக்கு வதிவிட உரிமைக் கேள்வி முடிந்தது. ஐந்தாண்டு நிரம்பாதவர்களுக்குக் கிடைத்தது பிரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸ் என்ற தற்காலிகத் தகுதி. பலர் அதைப் பெற்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தார்கள். ஆனால் அந்தத் தகுதி மட்டும் யூனிவர்சல் கிரெடிட்டுக்குப் போதாது என்று 2019 மே மாதத்திலேயே விதி செய்துவிட்டார்கள். அதை எதிர்த்த வழக்கில் 2020 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் விண்ணப்பதாரர் பக்கம் தீர்த்தது. ஓர் ஆண்டு கழித்து உச்ச நீதிமன்றம், இடையில் வந்த ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பைப் பின்பற்றி, அரசின் பக்கம் தீர்த்தது. எனினும் அத்தோடு கதை முடியவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து தப்பிக் குழந்தையோடு காப்பகத்தில் தங்கியிருந்த ருமேனியப் பெண் ஒருவரின் வழக்கில், உதவிப்பண மேன்முறையீடுகளின் இரண்டாம் படியான மேல் தீர்ப்பாயம் 2022 டிசம்பரிலும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரிலும், பிரெக்சிற் உடன்படிக்கையின் பாதுகாப்புக்குள் வருகிற ஒருவரை அடிப்படைத் தேவைகளுக்கும் வழியில்லாமல், மனித கண்ணியத்தோடு வாழ முடியாத நிலையில் விட்டுவிடக் கூடாது என்று தீர்ப்பளித்தன. 2020 ஆம் ஆண்டு முடிவதற்குள் இங்கு வந்து, பிரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸோடு, வேறு எந்த ஆதரவும் இல்லாமல் நிற்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்கக்கூடும். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை. தன்னிடம் பணம் இல்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, உணவு வங்கியில் நிற்கிறேன் என்று அவரே ஆதாரத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதத் தயங்கும் நம் தாய்மார், இப்படி ஒரு தீர்ப்பு இருப்பதை எங்கே போய் அறிந்துகொள்வார்கள்?

சட்டத்தரணியிடம் போகலாமே என்று கேட்கலாம். 2013 ஏப்ரலில் இருந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உதவிப்பண விடயங்களுக்கு அரச சட்ட உதவி பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டது. சட்டப் பிரச்சினை ஒன்றை முன்வைத்து மேல் தீர்ப்பாயம் வரை போனால்தான் அது கிடைக்கும். முதல் கட்டத்தில், மறுப்பு வந்த மறுநாள் ஆலோசனை சொல்ல, எங்களைப் போன்ற தொண்டர்களும் சில ஆலோசனை நிலையங்களும்தான் இருக்கிறோம். எங்களுக்குள்ளும் எல்லோருக்கும் சட்டம் முழுவதும் தெரியாது.

வதிவிடச் சோதனையே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. வேலை தேடும் எண்ணமே இல்லாமல் வந்து தங்கிய ஒருவருக்கு உதவிப்பணத்தை மறுக்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றமே 2014 நவம்பரில், ஜேர்மனியின் லைப்சிக் நகரில் எழுந்த டானோ வழக்கில் கூறியது. பிரெக்சிற் வாக்கெடுப்புக்கு ஒன்பது நாள் முன்னதாக, 2016 ஜூன் 14 ஆம் திகதி, குழந்தைகளுக்கான உதவிப்பண விடயத்தில் பிரித்தானியாவின் வதிவிட உரிமைச் சோதனையையும் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு நாடு தன் பொது நிதி யாருக்குப் போகிறது என்று கேட்பதில் தவறில்லை. சென்ற இதழில் எழுதிய வாசகரோடு நான் இதுவரை ஒத்துப்போகிறேன். அவர் வலியுறுத்தும் உழைப்புக்கும் வரிக்கும் மதிப்பளிக்க வேண்டும் என்பதிலும் ஒத்துப்போகிறேன். ஆனால் அப்படி உழைத்து வரி கட்டிய ஒருவர், தாயைப் பார்க்கப் போய்த் திரும்பியதற்காக, இன்றுதான் இந்த நாட்டில் கால் வைத்த அந்நியரைப் போல நடத்தப்படுவதை அவரும் ஏற்க மாட்டார் என்றே நம்புகிறேன். அவருக்கும் ஊரில் வயதான உறவுகள் இருக்கலாம். போகவேண்டி வந்தால், திரும்பும்போது அவரும் அதே மேசைக்கு முன்னால்தான் அமர வேண்டியிருக்கும்.

விதியில் செய்ய வேண்டிய மாற்றம் பெரிதல்ல. குறிப்பிடத்தக்க காலம் என்பதற்கு ஓர் உச்ச எல்லையைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம். ஒரு மாதம் என்று வைத்தால், அந்த நாள் எப்போது வரும் என்றாவது விண்ணப்பதாரருக்குத் தெரியும். முன்பு இங்கு வாழ்ந்து திரும்புபவருக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது என்பதை, நீதிமன்றத் தீர்ப்பைத் தேடிப் படித்தால்தான் தெரியும் என்று விட்டுவைக்காமல், விதியின் வாசகத்திலேயே சேர்க்க வேண்டும். உக்ரைன் போர் தொடங்கியபோது அங்கிருந்து வந்தவர்களுக்கும், அதற்கு முன் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்கும், 2023 இல் சூடானிலிருந்து வந்தவர்களுக்கும் இந்தச் சோதனையிலிருந்து அரசு சில நாட்களிலோ சில வாரங்களிலோ விதிவிலக்கு அளித்தது. அது சரியான செயல். மனம் வைத்தால் ஒரு சிறிய திருத்தத்தின் மூலம் இதைச் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. மறுப்புக் கடிதத்தில், எந்தக் காரணத்தால் மறுக்கிறோம், எந்த ஆதாரத்தைப் பார்த்தோம், எதை நம்பவில்லை என்று விரிவாக எழுதுவதும் கட்டாயமாக வேண்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

2025 மே மாதம் அரசு வெளியிட்ட குடிவரவு வெள்ளை அறிக்கை, நிரந்தர வதிவிட அனுமதிக்கான காலத்தைப் பொதுவாக ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாக்க முன்மொழிந்திருப்பதை இந்தப் பத்திரிகை விரிவாக வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொது நிதிக்கு உரிமை இல்லாமல், வரி மட்டும் கட்டி வாழும் காலத்தை அது இரட்டிப்பாக்கும். முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் வேலை செய்ய அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளைத்தான் அது முதலில் தொடும்.

இனி, இப்போதே மறுப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முடிவு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். இணையக் கணக்கின் குறிப்புப் பகுதியில் எழுதிக் கேட்டாலும் போதும். அதுவும் மறுக்கப்பட்டால், அந்தக் கடிதத்தின் திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் சுதந்திரமான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மேன்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே புதிதாக விண்ணப்பிக்கவும் தயங்காதீர்கள். நாள் போகப் போக வதிவிடக் காலம் கூடுவதால் இரண்டாவது விண்ணப்பம் ஏற்கப்படலாம், முதலாவதில் வென்றால் விடுபட்ட காலத்துக்கான பணமும் கிடைக்கலாம். கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இங்கு வேலை செய்து போதிய தேசியக் காப்புறுதி கட்டியிருப்பவர்கள், புதிய முறை வேலை தேடுவோர் உதவித்தொகையைத் தனியாகக் கேட்கலாம். அது நீங்கள் கட்டிய பங்களிப்பிலிருந்து வருவதால், அதற்கு வழமையான வதிவிடச் சோதனை கிடையாது. மருத்துவரிடம் பதிந்த கடிதம், பிள்ளையின் பள்ளி அனுமதி, வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்கள், தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் கடிதம் ஆகியவற்றைத் திகதியோடு சேர்த்து வையுங்கள். ஜொப் சென்டரில் யாராவது வாய்மொழியாகத் திருப்பி அனுப்பினால், எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். நேர்முகத்தில் மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, உங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி அழைத்துப் போக வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தொண்டர் ஒருவர்,
ஹரோ, லண்டன்